சுண்ணாம்புக் கோடு

பழைய பேப்பர் தீர்ந்துவிட்டது, டம்ளர் இன்னும் பதினொன்று பாக்கி இருக்கிறது, எவர்சில்வர் டம்ளரைப் பேப்பரில் சுற்றுவது எந்த ஊர் புத்தி என்று யாராவது கேட்கலாம். கீழே போட்டால் நசுங்குமே தவிர உடையாது. ஆனால் கையைச் சும்மா வைத்துக்கொண்டால் கண் ஜன்னலுக்குப் போகும், ஜன்னலுக்குப் போனால் அந்த இன்ஜினியர் தெரிவான். பிளாஸ்டிக் வாளியில் சுண்ணாம்புத் தூளை அள்ளி, முஷ்டிக்குள்ளிருந்து ஒழுக விட்டுக்கொண்டே பின்னால் பின்னால் நடக்கிறான், தோட்டத்துப் புல்லின் மேல் வெள்ளையாக ஒரு கோடு அவனோடு வருகிறது. அவனுக்குப் பக்கத்தில் டேப்பின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள், அந்த ஆளின் தோளில் கடப்பாரை. அதற்குப் பின்னால் இந்த வீட்டை வாங்கப்போகிற லோகநாதன், திருப்பூரில் பனியன் கம்பெனி. எல்லாருக்கும் பின்னால் என் வீட்டுக்காரர், சென்னியப்பன், குரங்குக் குல்லாயும் மப்ளருமாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சம்பந்தி வீட்டாருக்குப் பண்ணையம் காட்டுகிற மாதிரி. இங்கே அவ்வளவு குளிர் ஒன்றும் இல்லை. ஆவணி மாசம், பதினொரு மணி, கோத்தகிரியில் நல்ல வெயில் அடிக்கிறது. குல்லாய் எதற்கு? முகம் தெரியாமல் இருக்கவா? திங்கட்கிழமை பத்திரம். ஆடியில் வேண்டாம் என்று ஒரு மாசம் தள்ளி, ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள். முகூர்த்தமாம். இந்த வீட்டுக்கு முகூர்த்தம் என்ற சொல்லே ஆகாது. இவருக்கு அது தெரியும், தெரிந்தும் என் முகத்துக்கு நேராகச் சொன்னார், முகூர்த்த நாள் சாந்தா, ராகுகாலம் முடிஞ்சதும் போயிரணும் என்று. போய் நான் கையெழுத்துப் போட வேண்டும். வீடு என் பெயரில் இருக்கிறது. தொண்ணூற்று மூன்றில் ஆடிட்டர் சொன்னார் என்று என் பெயரில் வாங்கினார்கள், அன்றைக்கும் என்னை யாரும் கேட்கவில்லை, போடு என்றார்கள், சாந்தாமணி என்று எழுதினேன்.

கோடு எங்கே போகிறது என்று எனக்கு அரைமணி நேரம் முன்னாலேயே தெரியும். காபி கொடுக்கும்போது அவன் வரைபடத்தை டீப்பாய் மேல் விரித்திருந்தான். நாலு காட்டேஜ், நடுவில் கேம்ப் ஃபயர், பார்க்கிங். மேட்டுப் பக்கம் கட்டடம், பள்ளத்துப் பக்கம் செப்டிக் டேங்க், தண்ணீர் தானாக இறங்கிவிடும் பாருங்க சார் என்று பென்சிலால் தட்டினான். பென்சில் தட்டிய இடம் பேரிக்காய் மரம். நான் காபித் தட்டோடு நின்றேன். இவரைப் பார்த்தேன். இவர் வரைபடத்தையே பார்த்துக்கொண்டு, நல்ல ஐடியாங்க, இங்கெ சரிவு நல்லா இருக்கு என்றார். நல்ல ஐடியா. செப்டிக் டேங்க். தட்டை அவர் தலையில் போட்டிருக்கலாம். நான் என்ன செய்தேன், சர்க்கரை போதுங்களா என்று கேட்டேன். முப்பது வருஷமாக இப்படித்தான், வயிறு எரியும்போது வாய் சர்க்கரை போதுமா என்று கேட்கும். முந்தாநாள் எங்கள் ஊர் சோமனூரில் கார் ஏறும்போதே ஆரம்பித்தார், அதைப் பத்தி அவங்ககிட்ட வாயைத் தொறந்துராத, வீட்டு மண்ணுக்குள்ள அப்படி ஒன்னு இருக்குன்னு கேட்டா எவனும் வாங்க மாட்டான் என்று. அது. அப்படி ஒன்று. இருபத்தொன்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த பெயர் அதுதான், அது. பெயர் வைத்தது அவர்தானே. யமுனா என்று ஜோசியக்காரர் கொடுத்த எழுத்துக்கு அவர்தானே தேடிப் பிடித்தார், காதில் மூன்று தரம் சொன்னாரே. சொன்ன வாய் எங்கே போயிற்று?

எட்டு மாசம். கீழே ஒரு பல் வந்திருந்தது. இதை நான் சொல்லிவிட வேண்டும், யாரிடமாவது, அந்த இன்ஜினியரிடமாவது. ஒரு பல் வந்திருந்தது. சோமனூர் வெயிலில் உடம்பெல்லாம் வேர்க்குரு, நாத்தனார் கல்யாணத்துக்கு இன்னும் எட்டு நாள், கல்யாண வீட்டுச் சந்தடியில் குழந்தை தூங்கவில்லை, நாலு நாள் மலையில் வைத்திருந்து கூட்டிவாருங்கள் என்று மாமியார்தான் அனுப்பினார். இரண்டாம் நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் காலையில் ஆஸ்பத்திரி, மத்தியானம் முடிந்துவிட்டது. அவ்வளவுதான், அதை வேறு எப்படிச் சொல்வது. இவர் மார்க்கெட்டுக்குப் போய் அவர் அப்பாவுக்கு ட்ரங்கால் பேசிவிட்டு வந்தார். வந்து கதவருகே நின்றுகொண்டு, உள்ளே வராமல், சொன்னார். முகூர்த்தக்கால் நட்டாச்சாம். கால் நட்ட வீட்டுக்குள்ள துக்கம் வரக்கூடாதாம். ஊருக்குக் கொண்டு வர வேண்டாம்னு அப்பா சொல்லிட்டாரு, பல்லு மொளைக்காத கொழந்தைக்குக் காரியம் ஒன்னும் இல்ல, அங்கியே முடிச்சுருங்கன்னுட்டாரு. பல் முளைக்காத குழந்தை. நான் சொன்னேன், முளைச்சுருச்சுங்க, கீழ ஒன்னு வந்துருக்குதுங்க. எதற்குச் சொன்னேன்? பல் இருந்தால் ஊருக்குக் கொண்டு போய்விடுவார்கள் என்றா? ஏதோ கோர்ட்டில் சாட்சி சொல்கிற மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னேன். வேண்டுமென்றால் விரலை வைத்துப் பாருங்கள் என்றேன். அவர் விரலை வைத்துப் பார்க்கவில்லை. முந்தின நாள் இரவு பால் குடிக்கும்போது என்னைக் கடித்திருந்தது, சிவப்பாக ஒரு கீறல், அந்தக் கீறல் ஆறுவதற்கு நாலு நாள் ஆயிற்று, குழந்தை போன பிறகும் அது எரிந்துகொண்டிருந்தது. அந்தக் கீறலை நான் யாரிடம் காட்ட முடியும்.

இதே ஜன்னல். இதே கம்பி, அப்போது பச்சை பெயின்ட். நாலு மணி இருக்கும், இவரும் தோட்டக்காரன் போஜனும் மண்வெட்டியோடு பேரி மரத்தடியில் குனிந்து தோண்டினார்கள். பக்கத்தில் என் பழைய சேலையில் சுற்றி. பொம்பளைகள் கூடப் போகக் கூடாது. பெற்றவள் பார்க்கவே கூடாது. பத்து மாசம் சுமந்து பெறலாம், ராத்திரியெல்லாம் தூக்கிக்கொண்டு நடக்கலாம், கடைசி இருபது அடி தூரம் மட்டும் அவள் வரக்கூடாது. எவன் எழுதி வைத்தான் என்று தெரியவில்லை, எழுதினவனுக்கு மாரில் பால் கட்டியிருக்காது. போஜன் பெண்டாட்டி மாதி என்னைப் பிடித்து இழுத்து, திரையைப் போட்டுவிட்டு, இந்தச் சமையல்கட்டுத் தரையிலேயே உட்கார்ந்து என் தலையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவளுக்கும் அப்போது ஒரு கைக்குழந்தை. அவள் மேலெல்லாம் விறகுப் புகை வாசம். மண்வெட்டிச் சத்தம் கேட்டது, அப்புறம் நின்றது. ரொம்பச் சீக்கிரம் நின்றுவிட்டதே என்று நினைத்தேன், சின்ன உடம்புதானே, சின்னக் குழி போதும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இருட்டின பிறகு இவர் குளித்துவிட்டுத் தலை ஈரத்தோடு வந்தார். வெச்சாச்சு என்றார். அந்த ஒரு வார்த்தைதான். நான் எங்கே என்று கேட்கவில்லை. பார்த்தேனே.

“அக்கா, உள்ள வரலாங்களா?” என்று கேட்டுக்கொண்டே லோகநாதன் வீட்டுக்காரி வந்துவிட்டாள். சுகன்யா. நல்ல பெண்தான், முப்பது முப்பத்திரண்டு வயசு, போன தரம் வந்தபோது காபி டம்ளரைத் தானே கழுவி வைத்தாள். ஆனால் தலையில் மூன்று முழம் மல்லிகை. அது உள்ளே வந்தவுடன் நான் இரண்டடி தள்ளி நின்றேன். “இந்த அடுப்பு மேடையெல்லாம் இடிக்காம அப்படியே வெச்சுக்கலாம்னு அவருகிட்டச் சொல்லிட்டிருக்கறனுங்க அக்கா, கடப்பைக் கல்லு இப்பெல்லாம் இந்த மாதிரி கெடைக்கறதில்லீங்க,” என்றாள். “எடுத்துக்குங்க,” என்றேன். “நீங்க வருஷா வருஷம் வருவீங்களாம்ல? அண்ணன் சொன்னாரு, அக்காவுக்கு இந்த வீடுன்னா உசுருன்னு.” அண்ணன் சொன்னாரு. எனக்கு இந்த வீடு என்றால் உசுராம். இந்த வீட்டை நான் வெறுக்கிற மாதிரி எதையும் வெறுத்தது கிடையாது. இந்த ஓடு, இந்தக் கண்ணாடி ஜன்னல், ஹாலில் மாட்டியிருக்கிற அந்தப் பாசி பிடித்த மான் கொம்பு. வீட்டுக்கா வந்தேன். “பூ வெச்சுக்குங்க அக்கா, நெறையா இருக்குது,” என்று தலையிலிருந்தே ஒரு கண்ணியைக் கிள்ளி நீட்டினாள். வேண்டாம் கண்ணு, எனக்குத் தும்மல் வரும் என்றேன். எல்லாரிடமும் சொல்கிற பொய்தான். குழந்தை போன அடுத்த நாள் காலையில் மாமியார் மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி ஒரு பை நிறைய மல்லிகை கொண்டு வந்தார். பால் வற்றுவதற்கு. பூவை மாரில் வைத்து, மேலே துணியை இறுக்கிச் சுற்றி, முதுகில் முடிச்சு. மூன்று வேளையும் மாற்றினார். பூ சூட்டில் வெந்து பழுப்பாகி, பாலும் பூவுமாக ஒரு வாசம், அது மூக்கில் அப்படியே இருக்கிறது. மாமியாரை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது, கட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் கட்டினார். ஏழாம் நாள் பட்டுச்சேலை கட்டி, உள்ளே பூவைச் சுற்றி, வெளியே தலையிலும் பூவை வைத்து, மண்டப வாசலில் பன்னீர் தெளிக்க நிறுத்தினார்கள். மூத்த மருமகள் நிற்காவிட்டால் நாலு பேர் கேட்பார்களாம். பாப்பா எங்கே என்று எல்லாரும் கேட்டார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று மாமனார் சொல்லிக் கொடுத்திருந்தார். கோத்தகிரியிலயே தோட்டக்காரன் பெண்டாட்டிகிட்ட விட்டுட்டு வந்திருக்கோம், அவளுக்கும் கைக்கொழந்தை இருக்குது, நல்லாப் பாத்துக்குவா. என் அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன். அம்மா என்னைத் திட்டினாள், பச்சைக் குழந்தையை எவளோ ஒருத்தியிடம் விட்டுவிட்டு வந்து சீவிச் சிங்காரித்து நிற்கிறாயே, நீயெல்லாம் ஒரு தாயா என்று. நான் பன்னீர் தெளித்தேன்.

சுகன்யா போய்விட்டாள், வாசம் போகவில்லை. கோடு மரத்துக்கு இன்னும் பத்தடி. எனக்குள்ளே ஒரு கணக்கு ஓடுகிறது, அவன் ஒரு முஷ்டிக்கு இரண்டடி போடுகிறான், ஐந்து முஷ்டி. இவர் என்ன செய்கிறார் பார். மரத்தடிக்குப் போய் ஒரு கிளையை வளைத்து, கடைசியாகத் தங்கியிருக்கிற காய்களில் ஒன்றைப் பறித்து, வேட்டியில் துடைத்து லோகநாதனுக்குக் கொடுக்கிறார். இன்னொன்றைப் பறித்துத் தான் கடிக்கிறார். இதை நான் எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன். ஆகஸ்ட் பதினைந்து லீவுக்கு வரும்போதெல்லாம் காய் தொங்கும், இவர் மரத்தடியிலேயே நின்று, அந்த மண்ணின் மேல் காலை வைத்துக்கொண்டு, கடித்துத் தின்பார். சாறு தாடையில் ஒழுகும். நல்லா இனிக்குது சாந்தா, ஒன்னு தின்னு பாரு என்பார். எனக்கு ஒரு காய் தொண்டையில் இறங்கியதில்லை. அந்த மரம் எதைத் தின்று வளர்ந்தது என்று தெரிந்த மனுஷன் அதை எப்படித் தின்பான்? முதல் தடவை பார்த்தபோது பாத்ரூமில் போய் வாந்தி எடுத்தேன். ராட்சசன் என்று நினைத்தேன். அப்புறம் மரத்துப்போன ஆள் என்று நினைத்தேன். அப்புறம் ஆம்பளை என்று நினைத்தேன். அடுத்து ஒரு பெண் பிறந்தது, கோகிலா, அவளைப் படிக்க வைத்து ஈரோட்டில் கட்டிக்கொடுத்து இரண்டு பேரன் ஆயிற்று, இவரோடு ஒரே இலையில் கோயில் பிரசாதம் சாப்பிட்டிருக்கிறேன், இவருக்கு முட்டி ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கால் பிடித்திருக்கிறேன். ஆனால் அந்தக் காயைக் கடித்த சத்தத்தை மன்னித்ததில்லை. இப்போதும் கடிக்கிறார். மண்ணே செப்டிக் டேங்குக்குப் போகப்போகிறது, காய்க்கு என்ன வந்தது.

பத்து வருஷமாக விற்கலாம் விற்கலாம் என்று நச்சரித்தார். வருஷத்துக்கு ரெண்டு தரம் வர்றோம், ஓடு மாத்தவே ஒரு லட்சம் ஆகுது, யாருக்கு இந்த வீடு? நான் முடியாது என்பேன், காரணம் சொல்ல மாட்டேன், சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன், அவருக்குத் தெரியாதா. வைகாசி பிறந்தால் வந்துவிடுவேன். அவள் போன தேதிக்குக் காலையில் ஒரு டம்ளர் பாலைக் காய்ச்சி, ஆற வைத்து, மரத்தடியில் ஊற்றுவேன். திவசம் கிடையாது, போட்டோ கிடையாது, பெயர் சொல்ல ஆள் கிடையாது, ஒரு டம்ளர் பால் அவளுக்கு நான் ஊற்றக் கூடாதா. அந்த நேரத்தில் இவர் எப்போதும் நடைப்பயிற்சிக்குப் போய்விடுவார். போஜன் மட்டும் தூரத்தில் செடி வெட்டுகிற கத்தியோடு நிற்பான், நான் ஊற்றி முடிக்கிறவரை தலையைத் தூக்க மாட்டான். நல்ல மனுஷன். போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. வருஷா வருஷம் பாலை ஊற்றிவிட்டு நான் திரும்பும்போது பக்கத்தில் வருவான், அம்மா, ஒருக்கா நம்ம அட்டிக்கு வந்துட்டுப் போங்கம்மா என்பான். அட்டி என்றால் அவர்கள் ஊர், பள்ளத்தில், நாற்பது ஐம்பது வீடு. டீ ஃபேக்டரி தாண்டினா எடது கை, அங்கெ கல் படி எறங்கும், படிக்குக் கீழ எங்க ஊருதான், சும்மா ஒருக்கா வாங்கம்மா. ஒவ்வொரு வருஷமும் வழியை முதலிலிருந்து சொல்வான், போன வருஷம் சொன்னதே இல்லை என்கிற மாதிரி. ஏதோ ஊர்ப் பண்டிகை, விருந்து, பெருமைக்குக் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். அடுத்த தரம் வர்றேன் போஜா என்பேன். இவர் எங்கிருந்தாலும் அதற்குள் வந்து நின்றுவிடுவார், அவளுக்குப் படியெல்லாம் எறங்க முடியாது, நீ போய் வேலையைப் பாரு என்பார். முட்டி வலி இவருக்கு, படி இறங்க முடியாதவள் நானாம். மாதி அந்தச் சாயங்காலத்துக்கு அப்புறம் இந்த வீட்டு வாசற்படி மிதித்ததில்லை. ஆள் விட்டும் வரவில்லை. கோபித்துக்கொண்டாள் என்றே விட்டுவிட்டேன், கோபிக்க என்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

இரண்டு முஷ்டி. ஒரு முஷ்டி. கோடு மரத்தைச் சுற்றி ஒரு கட்டம் கட்டிவிட்டது. திங்கட்கிழமை நான் பேனாவைத் தொட மாட்டேன். தொடவே மாட்டேன், என்ன பண்ணுவார்கள், என் கையைப் பிடித்து எழுதுவார்களா. அந்த இடத்தைத் தவிர்த்துக் கொடுப்பேன், பத்துக்குப் பத்து, வேலி போட்டு. இல்லை, கொடுக்கவே மாட்டேன், வீட்டைப் பூட்டிப் போடுவேன், ஓடு சரிந்து விழட்டும். நரகல் குழியாம். என் குழந்தை மேல். இவர் அதற்குச் சரிவு நல்லா இருக்கு என்கிறார். இன்ஜினியர் கையைக் காட்டுகிறான், மண்ணு எவ்ளோ ஆழம் இருக்குன்னு ஒரு குத்து குத்திப் பாரு. அந்த ஆள் தோளிலிருந்து கடப்பாரையை இறக்குகிறான். லோகநாதன் காயைக் கடிக்கிறான். அடப்பாவி, இவர் நகரவில்லை, இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கடப்பாரை தலைக்கு மேல் போகிறது. கையில் டம்ளரோடு நான் ஓடினேன். பின்கட்டுக் கதவு, துணி துவைக்கிற கல், ரோஜாச் செடி. செருப்பு இல்லை. நிறுத்துங்க, அங்கெ என் கொழந்தை இருக்குது என்கிற வார்த்தை முழுசாக வாய்க்கு வந்துவிட்டது, இருபத்தொன்பது வருஷம் கழித்து, எல்லார் முன்னாலும், கத்திச் சொல்லப்போகிறேன்.

முதல் குத்து மண்ணில் இறங்கியது. இரண்டாவது குத்துக்கு டங் என்று கேட்டது.

அந்த ஆள் கடப்பாரையை நிமிர்த்தி, உள்ளங்கையை உதறிக்கொண்டு, “பாறைங்க சார்,” என்றான். இரண்டடி தள்ளிக் குத்தினான், டங். மரத்துக்கு அந்தப் பக்கம் போய்க் குத்தினான், டங். கட்டத்துக்குள் எட்டு இடத்தில் குத்தினான். இன்ஜினியர் உட்கார்ந்து மண்ணைக் கையால் தள்ளிவிட்டு, டேப்பை உள்ளே விட்டுப் பார்த்தான். “ஒன்றரை அடிதான் சார். அதுக்குக் கீழ முழுசும் ஒரே கல்லு. மரத்து வேரே பக்கவாட்டுல ஓடுது பாருங்க. இங்கெ வெடி வெக்காம ஒன்னும் ஆகாது. எந்தக் காலத்துலயும் இங்கெ ஒரு குழி எடுத்திருக்க முடியாது,” என்றான். லோகநாதன் என்னைப் பார்த்துச் சிரித்தான். “உங்க மரம் தப்பிச்சுருச்சுங்க அக்கா. டேங்க்கை அந்தப் பக்கம் தள்ளிக்கலாம்.”

வாய்க்கு வந்த வார்த்தை அங்கேயே நின்றது. ஒன்றரை அடி. கால் முட்டிக்குக் கூட வராது. நான் அந்தக் குத்துகளைப் பார்த்தேன், எட்டும் சின்னச் சின்ன ஓட்டை, அடியில் சாம்பல் நிறத்தில் கல் தெரிந்தது. ரொம்பச் சீக்கிரம் நின்ற மண்வெட்டி. நான் இவரைப் பார்த்தேன். இவர் கையிலிருந்த பாதிக் காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க,” என்றேன். “யமுனாவை எங்கெ வெச்சீங்க?”

“உள்ள போய்ப் பேசிக்கலாம் சாந்தா. இவங்க எல்லாம்…”

“இங்கியே சொல்லுங்க.”

இவர் குல்லாயைக் கழற்றினார். “தோண்டுனோம். கல்லு வந்துருச்சு. மேலாப்புல வெச்சா நரி கெளறும்னு போஜன் சொன்னான். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. எங்கிட்டக் குடுங்க சாமி, நான் கொண்டு போறேன்னான். குடுத்துட்டேன்.”

“கூடப் போனீங்களா?”

“இல்ல.”

“எங்கெ வெச்சான்னு கேட்டீங்களா?”

“அவன் சொல்ல வந்தான். பல தடவை வந்தான். நான்தான் கேட்டுக்கல.” குல்லாயைக் கையில் சுருட்டிக்கொண்டே, “நீ ஜன்னல்ல நின்னு பாத்துட்ட. அந்த மரந்தான்னு நீயே முடிவு பண்ணிட்ட. பாலை எடுத்துட்டுப் போறவகிட்ட நான் என்னன்னு சொல்றது?” என்றார்.

அதனால்தான் தின்றார். அதனால்தான் அந்தக் காய் இனித்தது. ராட்சசனும் இல்லை, மரத்துப்போனவனும் இல்லை. பயந்தாங்கொள்ளி. இருபது அடி எனக்குக் கூடாது என்றார்கள், போகலாம் என்று அவர்கள் விட்டிருந்த இந்த மனுஷனோ போஜன் பின்னால் பத்தடி கூடப் போகவில்லை. நான் இருபத்தொன்பது வருஷம் பாறைக்குப் பால் ஊற்றியிருக்கிறேன், இவர் அதைப் பார்த்துவிட்டு வாக்கிங் போயிருக்கிறார். போஜன் தலையைத் தூக்காமல் நின்றிருக்கிறான். ஒருக்கா நம்ம அட்டிக்கு வாங்கம்மா. மண்டப வாசலில் அம்மாவிடம் நான் சொன்ன பொய், தோட்டக்காரன் பெண்டாட்டியிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறோம், நல்லாப் பார்த்துக்கொள்வாள் என்றேனே, அது ஒன்றுதான் அன்றைக்கு எல்லாரும் சொன்னதில் நிஜம் போலிருக்கிறது.

லோகநாதனுக்கு என்ன புரிந்ததோ, காயைக் கீழே போட்டுவிட்டான். ரோஜாச் செடிப் பக்கம் சுகன்யா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். “நான் போய் மாதிகிட்டக் கேட்டுட்டு வர்றேன்,” என்றார் இவர். “நீ உள்ள போய் உக்காரு. நீ வரக்கூடாது சாந்தா, பொம்பளைங்க அங்கெல்லாம்…” போவார். போய்த் திரும்பி வந்து, அங்கே ஒரு மரம் இருக்குது, அதுக்குக் கீழதான் என்பார். நான் மறுபடியும் ஜன்னலில் நின்று நம்ப வேண்டும். ட்ரங்காலில் அவர் அப்பா என்ன சொன்னார் என்பதே இவர் வாயால்தானே எனக்குத் தெரியும்.

“அக்கா, திங்கட்கெழம…” என்று லோகநாதன் இழுத்தான்.

“அது இப்பச் சொல்ல முடியாதுங்க,” என்றேன். டம்ளர் இன்னும் கையில் இருந்தது. பின்கட்டு வழியாக உள்ளே போனேன். காபிக்குக் காய்ச்சியதில் மிச்சம் பால் இருந்தது, டம்ளரில் ஊற்றி, மேலே ஒரு தட்டை மூடினேன். செருப்பை மாட்டிக்கொண்டேன்.

“வழி தெரியாது உனக்கு,” என்றார் இவர்.

“டீ ஃபேக்டரி தாண்டுனா எடது கை. கல் படி எறங்கும்,” என்றேன்.

சுண்ணாம்புக் கோட்டை மிதித்துக்கொண்டே போய் கேட்டைத் திறந்தேன். பின்னால் இவர் நொண்டிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. வரட்டும். நான் நிற்கவில்லை.